பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவர் பதவிக்கு நிற்க நினைக்கும் அம்மாக்களுக்கு

அரசுப் பள்ளியில் பிள்ளை படிக்கிற எந்த அம்மாவும் ஒரு தேர்தலில் நிற்கலாம். டெபாசிட் கட்ட வேண்டாம், கட்சி வேண்டாம், சின்னம் வேண்டாம், பத்தாவது பாஸ் செய்திருக்க வேண்டும் என்றுகூட இல்லை. பிள்ளை அந்தப் பள்ளியில் படித்தால் போதும். ஆனால் எங்கள் ஊரில் பாதிப் பேருக்கு மேல் அது தேர்தல் என்றே தெரியாது. ஸ்கூலில் ஏதோ மீட்டிங், கையெழுத்துப் போட்டுவிட்டு ஒரு டீ குடித்துவிட்டு வர வேண்டும், அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். 2024 ஆகஸ்டில் தமிழ்நாடு முழுக்க அரசுப் பள்ளிகளில் பள்ளி மேலாண்மைக் குழுவை மாற்றி அமைத்தார்களே, அப்போது நான் எங்கள் ஊர் நடுநிலைப் பள்ளியில் தலைவர் பதவிக்கு நின்று ஜெயித்தேன். செய்யாறு பக்கம் ஒரு கிராமம். வீட்டில் தையல் மிஷின் போட்டு ஜாக்கெட் தைக்கிறேன், பன்னிரண்டாவது வரை படித்திருக்கிறேன். பையன் அப்போது நாலாவது, பொண்ணு ரெண்டாவது. நிற்கலாமா என்று யோசிக்கிற அம்மாக்கள் நிறையப் பேர் என்னிடம் கேட்கிறார்கள், அவர்களுக்காக விவரமாக எழுதுகிறேன்.

முதலில் இந்தக் குழு என்ன என்று சொல்லிவிடுகிறேன். 2009இல் வந்த கல்வி உரிமைச் சட்டத்தின் 21ஆம் பிரிவுதான் இதற்கு அடிப்படை. உறுப்பினர்களில் நாலில் மூன்று பங்கு பெற்றோர் இருக்க வேண்டும், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள் இருக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. 2022இல் தமிழ்நாட்டில் மறுசீரமைப்பு செய்தபோது 20 பேர், 2024இல் அது 24 பேராகி, அந்தப் பள்ளியில் படித்த முன்னாள் மாணவர்களும் உள்ளே வந்தார்கள். தலைமை ஆசிரியர், ஓர் ஆசிரியர், வார்டு உறுப்பினர்கள், மகளிர் சுய உதவிக் குழுவிலிருந்து ஒருவர், சாயங்காலத்தில் பிள்ளைகளுக்குச் சொல்லித்தருகிற இல்லம் தேடிக் கல்வி திட்டத்தின் தன்னார்வலர் இப்படி மற்றவர்கள். தலைவர் பெற்றோரில் ஒருவர், எங்களிடம் சொன்னபடி ஒரு பெண். பள்ளிக்கு என்ன தேவை என்று திட்டம் போடுவது, வருகிற மானியம் எப்படிச் செலவாகிறது என்று பார்ப்பது, ஆசிரியர்கள் நேரத்துக்கு வருகிறார்களா, பிள்ளைகள் ஒழுங்காக வருகிறார்களா, சத்துணவு எப்படி இருக்கிறது என்று கவனிப்பது எல்லாம் இந்தக் குழுவின் வேலை. காகிதத்தில் பார்த்தால் பெரிய அதிகாரம். நடைமுறையில் பல ஊரில் தலைமை ஆசிரியர் ஒரு பெயர் சொல்வார், ஊர்ப் பெரியவர்கள் தலையாட்டுவார்கள், அந்த அம்மா வீட்டுக்கு மினிட் நோட்டு வரும், கையெழுத்துப் போடுவார், நோட்டு திரும்பிப் போகும்.

நான் ஏன் நின்றேன் என்றால், சாயங்காலம் அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் என் வீட்டுத் திண்ணையில் வந்து உட்காரும். என்னிடம் அளவு நோட்டு ஒன்று இருக்கிறது, யார் ஜாக்கெட் என்று பெயர் எழுதி, கீழே தோள், மார்பு, கை நீளம் எல்லாம் குறித்து வைப்பேன். ஒருநாள் கையில் வேலை இருந்ததால், நாலாவது படிக்கிற பக்கத்து வீட்டுப் பொண்ணிடம் நோட்டைக் கொடுத்து, "உங்க அம்மா பேரு எந்தப் பக்கத்தில இருக்கு, பார்த்து எடும்மா" என்றேன். பக்கம் பக்கமாகத் திருப்புகிறாள். அந்தப் பக்கம் வந்துவிட்டது, அதையும் தாண்டித் திருப்புகிறாள். அவள் அம்மா பெயரில் மொத்தமே மூன்று எழுத்து. கூட இருந்த பையன்களிடம் கொடுத்தேன், ஒருத்தன் முதல் எழுத்தைச் சொன்னான், மற்றவன் படத்தைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தான். இவர்கள் யாரும் மக்குப் பிள்ளைகள் இல்லை. கடையில் ஐம்பது ரூபாய் கொடுத்தால் சில்லறை சரியாக வாங்கி வருகிற பிள்ளைகள். விசாரித்தால், எங்கள் பள்ளியில் ஒன்று முதல் ஐந்து வரை ஐந்து வகுப்பையும் இரண்டு டீச்சர்தான் பார்க்கிறார்கள், மூன்றாவது டீச்சர் மாற்றுப் பணியில் வேறு பள்ளிக்குப் போய் மாதக் கணக்காகிவிட்டது என்று தெரிந்தது. அதைக் கேட்பதற்கு ஒரு ஆள் வேண்டும், அந்த ஆள் யார் என்று பார்த்தால் சட்டப்படி இந்தக் குழுதான்.

நிற்க முடிவு செய்ததும் நான் முதலில் ஓட்டுக் கேட்கப் போகவில்லை, பள்ளியைப் பற்றிக் கொஞ்சம் விவரம் சேர்த்தேன். எந்த வகுப்பில் எத்தனை பிள்ளை, எத்தனை ஆசிரியர் பணியிடம், அதில் எத்தனை பேர் தினமும் வருகிறார்கள், கழிப்பறை எத்தனை, அதில் தண்ணீர் வருவது எத்தனை. தலைமை ஆசிரியரிடம் மரியாதையாகக் கேட்டால் சொல்லிவிடுவார், எமிஸ் என்கிற கல்வித் துறைக் கணினிப் பதிவில் எல்லாமே ஏற்றி வைத்திருக்கிறார்கள், ஒன்றும் ரகசியம் இல்லை. கழிப்பறை விஷயத்தை மட்டும் பிள்ளைகளிடம் கேளுங்கள், அதுவும் ஆறு, ஏழு, எட்டு படிக்கிற பொண்ணுங்களிடம். "காலைல இருந்து தண்ணியே குடிக்க மாட்டேன்க்கா, குடிச்சா போகணுமே" என்று ஒரு எட்டாவது பொண்ணு சொன்னது எந்த ரெஜிஸ்டரிலும் இருக்காது.

ஓட்டு சேகரிப்பது என்றால் எங்கள் ஊரில் மூன்று இடம். ரேஷன் கடை வரிசை, நூறு நாள் வேலை நடக்கிற ஏரிக்கரை, அப்புறம் விடியற்காலையில் சிப்காட் தொழிற்பேட்டை கம்பெனி பஸ் வந்து நிற்கிற முச்சந்தி. ஷூ கம்பெனி வேலைக்குப் போகிற அம்மாக்களை வேறு எப்போதும் பிடிக்க முடியாது, வீட்டுக்கு வரும்போது இருட்டிவிடும். அங்கே நின்று நான் "எனக்குக் கை தூக்குங்க" என்று கேட்டதைவிட "அன்னைக்கு ஒரு மணி நேரம் வந்துட்டுப் போங்க, வர முடியலைன்னா அவங்க அப்பாவை அனுப்புங்க" என்றுதான் அதிகம் கேட்டேன். ஏனென்றால் இந்தத் தேர்தலில் வருகிறவர்கள்தான் எல்லாம். வழக்கமாக வருகிற பத்துப் பதினைந்து பேர் மட்டும் வந்தால், வழக்கமான முடிவுதான் வரும்.

காலனிப் பக்கம் போவதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். எங்கள் பள்ளியில் படிக்கிற பிள்ளைகளில் பாதிக்கு மேல் காலனிப் பிள்ளைகள். ஊர்த் தெருவில் வசதி கொஞ்சம் வந்தவர்கள் எல்லாரும் பிள்ளைகளை வேன் வைத்து மெட்ரிக் பள்ளிக்கு அனுப்பிவிட்டார்கள். அப்படியிருந்தும் குழுவில் தலைவர், முக்கியமான ஆள் என்று வருகிறவர்கள் ஊர்த் தெருக்காரர்களாகவே இருந்தார்கள். நான் காலனியில் வீடு வீடாகப் போய் உட்கார்ந்து பேசினேன், அவர்கள் கொடுத்த தண்ணீரைக் குடித்தேன், அது ஊருக்குள் பேச்சானது, ஆகட்டும் என்று விட்டுவிட்டேன். அங்கே ஒரு பெரியம்மா, பேரனை வளர்க்கிறவர், "எங்களைக் கூப்புடுவாங்க, கடைசி பெஞ்சில குந்தவெச்சு கையெழுத்து வாங்கினு அனுப்பிடுவாங்கோ, நீ மட்டும் இன்னா பண்ணிடப் போற" என்று நேராகக் கேட்டார். "நீங்களும் உறுப்பினரா நில்லுங்க பெரியம்மா, பாதுகாவலரும் வரலாம்" என்றேன். நின்றார். இன்றைக்கு எங்கள் குழுவில் சத்துணவு பற்றி அவர் கேட்கிற கேள்விக்குப் பதில் சொல்ல முடியாமல் எல்லாரும் முழிக்கிறோம்.

போகிற இடமெல்லாம் "பள்ளிக்கூடத்துக்கு என்ன வேணும்" என்று கேட்டேன். பெரும்பாலும் வந்த பதில் காம்பவுண்ட் சுவர், பெயின்ட், ஆண்டு விழா, இங்கிலீஷ் மீடியம். இதில் ஒன்றும் தப்பில்லை, சுவர் இல்லாத பள்ளியில் ராத்திரி யார் யாரோ வந்து குடித்துவிட்டு பாட்டிலை உடைத்துப் போடுகிறார்கள், காலையில் அந்தக் கண்ணாடித் துண்டு மேல்தான் பிள்ளைகள் நடக்கிறார்கள். ஆனால் நான் எல்லாரிடமும் ஒரே வரிசையைச் சொன்னேன். முதலில் டீச்சர், அடுத்து தமிழ் சரளமாகப் படிக்க வைப்பது, மூன்றாவது பொண்ணுங்களுக்குத் தண்ணீரோடு கழிப்பறை, அதற்குப் பிறகு சுவரோ பெயின்டோ எதுவானாலும். இங்கிலீஷ் மீடியம் கேட்டவர்களிடம், அம்மா பெயரையே தமிழில் படிக்க வராத பிள்ளைக்கு இங்கிலீஷில் பாடம் நடத்தினால் என்ன ஏறும், முதலில் இது வரட்டும் என்றேன். சில பேருக்கு அது பிடிக்கவில்லை. இருந்தாலும் நான் வரிசையை மாற்றவில்லை, உங்களுக்கும் அதைத்தான் சொல்வேன். ஆளுக்கு ஒன்றாக எல்லாம் செய்கிறேன் என்று சொல்லி ஜெயித்தால் முதல் கூட்டத்திலேயே எல்லாரும் உங்களைப் பிடித்துக்கொள்வார்கள்.

தேர்தல் அன்றைக்கு, நான் எதிர்பார்த்தபடியே, கூட்டம் ஆரம்பித்ததும் ஊரில் ஒரு பெரியவர் எழுந்து ஒரு பெயரைச் சொல்லி "ஏகமனதா எடுத்துக்கலாம்" என்றார். இங்கேதான் கவனமாக இருக்க வேண்டும். அந்த ஒரு நிமிடம் சும்மா இருந்துவிட்டால் எல்லாரும் கை தட்டிவிடுவார்கள், அதோடு முடிந்தது. நான் எழுந்து "சார், நானும் நிக்கறேன், என் பேரையும் எழுதிக்கங்க" என்று தலைமை ஆசிரியரைப் பார்த்துச் சொன்னேன். பெரியவரிடம் சண்டைக்குப் போகவில்லை, அவரைப் பார்த்துப் பேசவே இல்லை. கூட்டத்தை நடத்துகிறவர் தலைமை ஆசிரியர், அவரிடம் சொன்னால் அவர் பதிவு செய்துதான் ஆக வேண்டும். கை தூக்கச் சொன்னால் பாதிப் பேர் யார் முகத்தைப் பார்த்துத் தூக்குவது என்று தயங்குவார்கள் என்பதால் சீட்டு எழுதிப் போடலாமா என்று கேட்டேன், மேற்பார்வைக்கு வந்திருந்தவரும் சரி என்றார். எழுதத் தெரியாதவர்களுக்காக இரண்டு நிறத்தில் சீட்டு கிழித்தார்கள். கொஞ்சம் ஓட்டு வித்தியாசத்தில்தான் ஜெயித்தேன். என்னோடு நின்ற அக்கா அன்றைக்கே உறுப்பினராக வந்துவிட்டார், நானே அவர் பெயரைச் சொன்னேன். அவருக்கு ஊருக்குள் நல்ல செல்வாக்கு, டவுனில் ஆள் பழக்கம். அப்படிப்பட்டவர் வெளியே கோபமாக உட்கார்ந்திருப்பதைவிட உள்ளே இருந்தால் பள்ளிக்கு லாபம். இன்றைக்கு அவர்தான் எனக்குப் பெரிய துணை.

துணைத் தலைவராக மாற்றுத்திறனாளிப் பிள்ளை வைத்திருக்கிற பெற்றோருக்கு முன்னுரிமை கொடுங்கள் என்று எங்களுக்குச் சொல்லியிருந்தார்கள். நடக்க முடியாத மகனைத் தினமும் சைக்கிளில் உட்காரவைத்துத் தள்ளிக்கொண்டு வருகிற அப்பா ஒருவர் இருந்தார், அவரைத் தேர்ந்தெடுத்தோம். சாய்தளம் எந்த இடத்தில், எவ்வளவு சரிவாக வேண்டும் என்று அவருக்குத் தெரிந்த அளவு எந்த எஞ்சினியருக்கும் தெரியாது.

ஜெயித்த பிறகு வருகிற வேலையில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது தீர்மானம் எழுதுவது. குழுவின் மொத்த பலமும் அந்த மினிட் நோட்டில் எழுதுகிற நாலு வரியில்தான் இருக்கிறது. மீட்டிங்கில் எவ்வளவு சத்தமாகப் பேசினாலும், நோட்டில் ஏறவில்லை என்றால் அது பேச்சு மட்டும்தான். பழைய நோட்டைப் புரட்டிப் பார்த்தேன், "பள்ளிக்குத் தேவையான அடிப்படை வசதிகளைச் செய்து தருமாறு கேட்டுக்கொள்ளத் தீர்மானிக்கப்பட்டது" என்று மாதா மாதம் ஒரே வரி. யாரைக் கேட்டுக்கொள்வது, எந்த வசதி, எப்போது? இதை வாங்கிப் படிக்கிற அதிகாரி என்ன செய்வார், பைலில் வைப்பார். நாங்கள் எழுதியது இப்படி: தொடக்க நிலையில் இத்தனை மாணவர்கள் படிக்கிறார்கள், கல்வி உரிமைச் சட்ட அட்டவணைப்படி 61 முதல் 90 மாணவர் வரை மூன்று ஆசிரியர் வேண்டும், தற்போது இரண்டு பேர்தான் பணியில் இருக்கிறார்கள், ஒருவர் இன்ன தேதியிலிருந்து மாற்றுப் பணியில் இருக்கிறார், அவரைத் திரும்ப இப்பள்ளிக்கே அனுப்புமாறு வட்டாரக் கல்வி அலுவலரைக் கேட்டுக்கொள்கிறோம், அடுத்த கூட்டத்தில் இதன் நிலை படிக்கப்படும். அந்தக் கடைசி வாக்கியத்தைக் கட்டாயம் சேருங்கள். ஒவ்வொரு கூட்டமும் போன மாதத் தீர்மானம் என்ன ஆனது என்று படிப்பதில்தான் ஆரம்பிக்க வேண்டும். தீர்மானத்தைப் பெற்றோர் செயலியில் ஏற்றுவார்கள், அது போதும் என்று இருந்துவிடாமல், நகல் எடுத்து நேரில் கொண்டுபோய்க் கொடுத்து, இன்னொரு நகலில் சீல் போட்டுக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.

மூன்றாவது டீச்சர் உடனே வந்துவிடவில்லை. போய்க் கேட்டால் "பார்க்கறோம்மா" என்பார்கள், அங்கேயும் ஆள் பற்றாக்குறை என்பார்கள், அதுவும் பொய் இல்லை. நாங்கள் நாலைந்து அம்மாக்கள் சேர்ந்து போவோம், சண்டை போட மாட்டோம், சீல் போட்ட நகலைக் காட்டிப் போன தடவை என்ன சொன்னார்கள் என்று நினைவுபடுத்துவோம். கடைசியில் அடுத்த கல்வியாண்டு ஆரம்பிப்பதற்குள் திரும்ப வந்துவிட்டார். இதோடு சம்பந்தப்பட்ட இன்னொரு விஷயம், ஆகஸ்ட் 1ஆம் தேதி நிலவரப்படி எத்தனை பிள்ளைகள் என்று கணக்கெடுத்துத்தான் ஆசிரியர் பணியிடத்தை முடிவு செய்வார்கள், எண்ணிக்கை குறைந்தால் உபரி என்று சொல்லிப் பணி நிரவலில் வேறு பள்ளிக்கு மாற்றிவிடுவார்கள். அதனால் ஏப்ரல், மே மாதத்திலேயே அங்கன்வாடி முடிக்கிற பிள்ளைகள் வீட்டுக்கெல்லாம் போய்ப் பேசிச் சேர்க்க வேண்டும். டீச்சர் இல்லை என்று பிள்ளையை எடுப்பார்கள், பிள்ளை இல்லை என்று டீச்சரை எடுப்பார்கள். இந்தச் சுற்றை எங்கேயாவது ஒரு இடத்தில் நாம்தான் நிறுத்த வேண்டும், பெற்றோர் கையில் இருப்பது சேர்க்கைதான்.

கழிப்பறைக்கு வருகிறேன். கட்டடம் இருந்தது, தண்ணீர் இல்லை, சுத்தம் செய்ய ஆள் இல்லை. இது கல்வித் துறை மட்டும் செய்கிற வேலை இல்லை, ஊராட்சியும் சேர்ந்து செய்ய வேண்டியது. சுத்தம் செய்கிற அம்மாவுக்குக் கொடுக்கிற சம்பளம் மிகக் குறைவு, அதுவும் மாதா மாதம் கைக்கு வராது. நிலுவைச் சம்பளத்தைக் கொடுங்கள் என்று தனியாக ஒரு தீர்மானம் போட்டோம், அவர் வயிறு காய்ந்தால் யார் சுத்தம் செய்வார்? பிள்ளைகளை விட்டுக் கழிப்பறையைக் கழுவ வைக்கக் கூடாது என்றும் அதே நோட்டில் எழுதினோம், எந்தத் தெருப் பிள்ளையானாலும். தீர்மானத்தை அக்டோபர் 2 கிராம சபையில் படிக்கச் சொல்லிக் கொடுத்தோம். கிராம சபை ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 கட்டாயம் நடக்கும், இப்போது மார்ச் 22, நவம்பர் 1 இரண்டும் சேர்ந்திருக்கிறது, இந்தத் தேதிகளை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். போர்வெல்லிலிருந்து பைப் இழுக்கிற வேலை ஆரம்பிக்கிற நேரத்தில், 2025 ஜனவரியோடு எங்கள் மாவட்டத்தில் ஊராட்சித் தலைவர், வார்டு உறுப்பினர் எல்லாருடைய பதவிக்காலமும் முடிந்து தனி அலுவலர் கைக்கு நிர்வாகம் போய்விட்டது. முன்பு தெருவில் பார்த்துக் கேட்கலாம், இப்போது வட்டார வளர்ச்சி அலுவலர் (பி.டி.ஓ.) ஆபீஸ் வரை பஸ் ஏற வேண்டும். சீல் போட்ட நகல் அப்போதுதான் கைகொடுத்தது, ஆள் மாறினாலும் காகிதம் இருக்கிறதே. பைப் வந்துவிட்டது. கதவுக்கு உள்பக்கத் தாழ்ப்பாள் போட்ட அன்றைக்கு எட்டாவது பொண்ணுங்க சிரித்த சிரிப்பு எனக்குப் போதும்.

படிப்பு விஷயத்தில் ஒரு எல்லை இருக்கிறது, அதைத் தாண்டாதீர்கள். வகுப்புக்குள் போய் டீச்சரைக் கேள்வி கேட்கிற வேலை நமக்கு வேண்டாம். நாம் எதிரில் உட்கார்ந்தால் டீச்சர்கள் வாயே திறக்க மாட்டார்கள், பக்கத்தில் உட்கார்ந்தால் எல்லாம் சொல்வார்கள். எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலையாகப் பிரித்துச் சொல்லித்தருகிறார்கள். டீச்சரே காட்டினார், நாலாவதில் இருக்கிற பல பேர் அரும்பில்தான் இருந்தார்கள். "எனக்கும் தெரியும்மா, மூணு வகுப்பை ஒண்ணா வெச்சுக்கிட்டு, நடுவுல எமிஸ்ல ஏத்தணும், ஆதார் சரிபார்க்கணும், எந்நேரம் இவங்களை உக்காரவெச்சுப் படிக்கச் சொல்றது" என்றார். அவர் சொன்னது உண்மை. அதனால் குழுவில் பேசி, மேஜைக்குள் பூட்டியிருந்த நூலகப் புத்தகங்களை வெளியே எடுத்து, வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடில் பிள்ளைகள் வீட்டுக்கு எடுத்துப் போகலாம் என்று முடிவு செய்தோம். கிழிந்துபோனால் டீச்சர் பொறுப்பில்லை, குழு பொறுப்பு என்று தீர்மானத்தில் எழுதினோம், அந்தப் பயத்தில்தான் புத்தகம் பூட்டிக் கிடந்தது. முன்னாள் மாணவர் உறுப்பினர்களில் கல்லூரிக்குப் போகிற இரண்டு பொண்ணுங்க சாயங்காலம் அரும்புப் பிள்ளைகளை மட்டும் உட்காரவைத்துப் படிக்க வைக்கிறார்கள். வருகிற பெற்றோர் முன்னால், வெட்கப்படாத பிள்ளைகள் மட்டும், ஒரு பக்கம் சத்தமாகப் படித்துக் காட்டும். கை தட்டுவோம். இதற்கு ஒரு பைசா செலவில்லை, எனக்கு இந்தக் குழுவில் மிகவும் பிடித்த வேலை இதுதான்.

காலை உணவுத் திட்டம் பற்றியும் ஒன்று. 2023 ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்க நிலைக்கும் வந்தது, பிள்ளைகள் வருகிற நேரமே மாறிவிட்டது, அது பெரிய நன்மை. ஆனால் ஐந்தாவது வரைதான். ஒருநாள் காலையில் போயிருந்தேன், ஆறாவது படிக்கிற பொண்ணு தம்பியைக் கூட்டிவந்து வரிசையில் விட்டுவிட்டு, அவன் பொங்கல் தின்று முடிக்கிற வரை தூண் ஓரமாகத் தட்டைப் பார்க்காமல் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றாள். போன வருஷம் வரை இவளும் அதே வரிசையில் உட்கார்ந்தவள். அம்மா கம்பெனி பஸ்ஸுக்கு விடியற்காலையில் போய்விடுவார். எட்டாவது வரை நீட்டிக்க வேண்டும் என்று தீர்மானம் போட்டு அனுப்பியிருக்கிறோம். இது எங்கள் ஒரு பள்ளியால் ஆகிற காரியம் இல்லை என்று தெரியும், எல்லாப் பள்ளிக் குழுவும் இதே தீர்மானத்தைப் போட்டு அனுப்புங்கள் என்று இதைப் படிக்கிற ஒவ்வொருவரையும் கேட்டுக்கொள்கிறேன்.

பணத்தைப் பற்றிச் சுருக்கமாக. சமக்ர சிக்‌ஷா என்கிற மத்திய அரசின் கல்வித் திட்டத்தில் பள்ளி மானியம் மாணவர் எண்ணிக்கையைப் பொறுத்தது, நூறைத் தாண்டி 250 வரை இருந்தால் வருஷத்துக்கு 50,000 ரூபாய், நூறு வரை என்றால் 25,000, முப்பதுக்குள் என்றால் 10,000. இதில் பத்தில் ஒரு பங்கு சுகாதாரத்துக்கு. இந்தப் பணத்தில் சுவர் கட்ட முடியாது, பல்பு, சாக்பீஸ், சின்னச் சின்ன ரிப்பேர், அவ்வளவுதான். பில் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள், தேதி போடாத எந்தக் காகிதத்திலும் போடாதீர்கள், வீட்டுக்கு நோட்டு வந்தால் "மீட்டிங்குல பார்த்துக்கலாம் சார்" என்று சிரித்துக்கொண்டே திருப்பி அனுப்புங்கள். பெற்றோரிடம் எந்தப் பெயரிலும் வசூல் வேண்டாம். தற்காலிக ஆசிரியரைக் குழு மூலமாக எடுக்கிற வேலை வந்தால் இன்னும் கவனம் வேண்டும். 2022இல் அப்படி எடுக்கச் சொன்னபோது இடைநிலை ஆசிரியருக்கு மாதம் 7,500 ரூபாய் என்று அறிவித்தார்கள். பி.எட். முடித்த சொந்தக்காரப் பொண்ணு ஒன்று எல்லார் வீட்டிலும் இருக்கும், எல்லாரும் சிபாரிசோடு வருவார்கள். தகுதியையும் மதிப்பெண்ணையும் கூட்டத்திலேயே எல்லார் முன்னாலும் வைத்து முடிவு செய்துவிட்டால் பிறகு யாரும் பேச முடியாது. அதோடு, தற்காலிக ஆள் வந்துவிட்டார் என்று நிரந்தரப் பணியிடத்தைக் கேட்பதை நிறுத்திவிடக் கூடாது, இரண்டையும் ஒரே தீர்மானத்தில் எழுதுங்கள்.

கூட்ட நேரம் ஒரு பெரிய பிரச்சினை. எங்களுக்குப் பெரும்பாலும் மாதக் கடைசி வெள்ளிக்கிழமை பிற்பகல். கூலி வேலைக்குப் போகிற உறுப்பினருக்கு அன்றைக்கு அரை நாள் கூலி போகும், அதைக் கொடுக்க எந்த ஏற்பாடும் இல்லை. அரசு இதை யோசிக்க வேண்டும் என்று எனக்கு உறுதியான எண்ணம் இருக்கிறது, ஏழைப் பெற்றோரை முடிவெடுக்கக் கூப்பிட்டுவிட்டு அவர்கள் கூலியையே பிடுங்கினால் யார் வருவார்கள்? இப்போதைக்கு நாங்கள் செய்வது, முந்தின நாள் ராத்திரி எட்டு மணிக்குச் சத்துணவுக் கூடத்துத் தாழ்வாரத்தில் கூடிப் பேசிவிடுகிறோம். கோயில் வாசல் வேண்டாம், யார் வீட்டுத் திண்ணையும் வேண்டாம், எல்லாத் தெருக்காரர்களும் தயங்காமல் வருகிற இடம் பள்ளிக்கூடம் மட்டும்தான். அங்கே தீர்மானத்தை எழுதிப் படித்துவிடுவோம், மறுநாள் வர முடிந்தவர்கள் வந்து முறைப்படி நிறைவேற்றுவார்கள்.

கடைசியாக, நிற்பதற்கு முன்னால் உங்கள் பிள்ளை எந்த வகுப்பு என்று பாருங்கள். குழுவின் காலம் இரண்டு வருஷம். பிள்ளை எட்டாவது முடித்துப் போய்விட்டால் நம் இடமும் போய்விடும், பாதியில் ஆள் மாறினால் எல்லாம் முதலிலிருந்து. ரெண்டாவது, மூணாவது படிக்கிற பிள்ளையின் அம்மா நின்றால் நல்லது. எங்கள் குழுவில் அடுத்த தடவை யார் வர வேண்டும் என்று இப்போதே பேச ஆரம்பித்துவிட்டோம், காலனியிலிருந்து ஒரு தங்கச்சி நிற்கிறேன் என்று சொல்லியிருக்கிறாள், தீர்மானம் எழுதும்போது இப்போதெல்லாம் பேனா அவள் கையில்தான். சீல் போட்ட நகல்கள் மொத்தமும் ஒரு பைலில் தேதி வாரியாக இருக்கிறது. சாய்தளம், நாலாவது வகுப்புக் கூரைக்கு ஓடு மாற்றுவது, எட்டாவது வரை காலை உணவு, இந்த மூன்றும் இன்னும் நிலுவையில் இருக்கிறது.